எடை குறையாவிட்டாலும் நடை வீணல்ல: வடசென்னைப் பெண்களுக்கான உடற்பயிற்சி வழிகாட்டி

உடல் பருமன் உள்ள பெண் ஒருவர் நடைப்பயிற்சியைத் தொடங்கினால், வீட்டிலும் தெருவிலும் அவரிடம் முதலில் கேட்கப்படுவது "எத்தனை கிலோ குறைஞ்சது?" என்பதுதான். ஒரு மாதம் விடாமல் நடந்த பிறகும் எடை இயந்திரம் அதே எண்ணைக் காட்டினால், நடையால் பயனில்லை என்று அவரே முடிவு செய்து நிறுத்திவிடுகிறார். பலர் பாதியில் கைவிடுவதற்கு இந்த ஒரே அளவை நம்புவது பெரிய காரணம் என்று நினைக்கிறேன். மிதமான உடற்பயிற்சியின் பலன் முதலில் தெரிவது ரத்தச் சர்க்கரையிலும், ரத்தக் கொழுப்பிலும், கல்லீரலிலும், இடுப்புச் சுற்றளவிலும்தான். எடை மெதுவாகவே குறையும். சிலருக்குக் குறையாமலும் இருக்கும். இதுவரை உடற்பயிற்சியே செய்திராத, ராயபுரம் முதல் எண்ணூர் வரை வாழும் பெண்கள் எதை அளப்பது, எங்கே தொடங்குவது, எப்படித் தொடர்வது என்பதை இந்தக் கட்டுரை படிப்படியாகச் சொல்கிறது.

முதல் படி: உங்கள் ஐந்து எண்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

2019–21இல் நடத்தப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 40.4 சதவீதத்தினரின் உடல் நிறை குறியீட்டெண் (பி.எம்.ஐ. எனப்படும், உயரத்தோடு ஒப்பிட்ட எடைக் கணக்கு) 25 அல்லது அதற்கு மேல் இருக்கிறது. உலக அளவில் 30 அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் உடல் பருமன் என்பார்கள். இந்தியர்களின் உடலில் அதே எடைக்குக் கூடுதல் கொழுப்பு, அதுவும் வயிற்றுப் பகுதியில் சேர்வதால், நம் மருத்துவர்கள் 23ஐத் தாண்டினால் அதிக எடை என்றும் 25ஐத் தொட்டால் பருமன் என்றும் கணக்கிடுகிறார்கள்.

உடல் சர்க்கரையையும் கொழுப்பையும் எப்படிப் பயன்படுத்துகிறது, எப்படிச் சேமிக்கிறது என்பதையே வளர்சிதை மாற்றம் என்கிறோம். அதன் நிலையை அறிய ஐந்து அளவுகள் போதும். அவை கவலைக்குரியதாகும் எல்லைகள் இவை. இடுப்புச் சுற்றளவு 80 செ.மீ. அல்லது அதற்கு மேல். வெறும் வயிற்றுச் சர்க்கரை 100 மி.கி. அல்லது அதற்கு மேல். ரத்தத்தில் மிதக்கும் கொழுப்பான டிரைகிளிசரைடு 150 மி.கி. அல்லது அதற்கு மேல். நல்ல கொழுப்பு எனப்படும் எச்.டி.எல். 50 மி.கி.க்குக் கீழ், ரத்த அழுத்தம் 130/85 அல்லது அதற்கு மேல். இவற்றில் ஏதேனும் மூன்று ஒரு பெண்ணுக்கு இருந்தால் அதை வளர்சிதை மாற்றக் குறைபாட்டுத் தொகுப்பு என்று மருத்துவர்கள் சொல்வார்கள். நீரிழிவும் இதய நோயும் வரும் வாய்ப்பு அதிகம் என்பதற்கான எச்சரிக்கை அது.

இந்தப் பரிசோதனைகளுக்குப் பெரிய செலவு தேவையில்லை. ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் தன்னார்வலர்கள் வீட்டுக்கு வரும்போதும் அவர்களிடம் கேட்கலாம். கொழுப்புப் பரிசோதனை உங்கள் பகுதி நிலையத்தில் எடுக்கப்படுகிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். கூடவே ஹீமோகுளோபினையும் பார்த்துவிடுவது நல்லது. தமிழ்நாட்டில் பாதிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு ரத்தசோகை இருப்பதாக அதே ஆய்வு சொல்கிறது. நாலு அடி நடந்ததும் மூச்சு வாங்குவதற்குப் பருமனைக் குற்றம் சொல்லிக்கொண்டிருப்போம். உண்மையான காரணம் ரத்தசோகையாக இருக்கலாம்.

இடுப்பை வீட்டிலேயே அளக்கலாம். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, தையல் டேப்பைத் தரைக்கு இணையாகச் சுற்றி, மூச்சைச் சாதாரணமாக வெளியே விட்டபின் அளவைப் படியுங்கள். வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு அளப்பதால் ஏமாறுவது நாம் மட்டுமே. எல்லா எண்களையும் தேதியோடு ஒரு நோட்டில் எழுதிவையுங்கள்.

உடலுக்குள் என்ன நடக்கிறது

இந்தப் பகுதியைத் தாண்டிப் போக நினைப்பவர்கள் போகலாம். ஆனால் வாரத்துக்கு ஒரு நாள் இரண்டு மணி நேரம் நடப்பதைவிட, தினமும் இருபது நிமிடம் நடப்பது ஏன் மேல் என்பதற்கான விடை இங்கேதான் இருக்கிறது.

நாம் உண்ட சோற்றிலிருந்து வரும் சர்க்கரை தசைக்குள் நுழைய இன்சுலின் உதவ வேண்டும். வயிற்றிலும் கல்லீரலிலும் தசையிலும் கொழுப்பு மிகும்போது, இன்சுலின் சொல்வதைத் தசை சரியாகக் கேட்பதில்லை. கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரந்து ஈடுகட்டப் பார்க்கிறது; முடியாமல் போகும்போது ரத்தத்தில் சர்க்கரை உயர்கிறது. சுருங்கி விரியும் தசைக்கோ இன்சுலினை நம்பாத இன்னொரு வழி உண்டு. தசை வேலை செய்யும்போது, சர்க்கரையை உள்ளே ஏற்றும் புரதங்கள் இன்சுலினின் உத்தரவுக்குக் காத்திராமல் செல்லின் மேற்பரப்புக்கு வந்துவிடுகின்றன. வாசற்கதவு இறுகிப்போன வீட்டில் கொல்லைக் கதவு திறப்பதைப் போன்றது இது. நீரிழிவு உள்ளவர்களிடத்திலும் இந்த வழி பெருமளவு வேலை செய்கிறது என்பதுதான் நடைப்பயிற்சியின் பலம்.

நடந்து முடித்தபின் பல மணி நேரத்துக்குத் தசை இன்சுலினுக்குக் கூடுதலாகச் செவிசாய்க்கிறது. இந்த விளைவு பொதுவாக ஒரு நாள் முதல் மூன்று நாள் வரை இருந்துவிட்டு மறைகிறது. ஆகவேதான் உடற்பயிற்சி இல்லாத நாட்கள் தொடர்ந்து இரண்டுக்கு மேல் போகக் கூடாது என்று நீரிழிவு மருத்துவர்கள் அறிவுறுத்துகிறார்கள். இந்தக் கட்டுரையிலிருந்து ஒன்றே ஒன்றை நினைவில் வைப்பதானால், இந்த இரண்டு நாள் கணக்கை வைத்துக்கொள்ளுங்கள்.

டிரைகிளிசரைடின் கதையும் ஏறக்குறைய இதுவே. ரத்தத்தில் மிதக்கும் கொழுப்பைப் பிரித்துத் தசைக்கு எரிபொருளாகக் கொடுக்கும் ஒரு நொதி, உடற்பயிற்சிக்குப் பிறகு தசையில் கூடுகிறது. அதனால் அன்றும் மறுநாளும் டிரைகிளிசரைடு தாழ்ந்திருக்கும். கல்லீரலில் படிந்த கொழுப்பும், குடலைச் சுற்றியுள்ள உள்வயிற்றுக் கொழுப்பும், மொத்த எடை பெரிதாக மாறாதபோதும் குறையக்கூடியவை. தோலுக்கடியில் உள்ள கொழுப்பைவிட அதிகத் தீங்கு செய்வது இந்த உள்வயிற்றுக் கொழுப்புதான் என்பதால், இடுப்பு அளவில் இரண்டு செ.மீ. குறைவதைச் சிறிய செய்தியாக எண்ண வேண்டாம். நல்ல கொழுப்பு மட்டும் பிடிவாதக்காரி. மிதமான நடைக்கு அது சிறிதளவே உயரும், அதற்கும் மாதங்கள் ஆகும்.

இவற்றுக்கு ஆய்வுச் சான்றுகள் உண்டு. அமெரிக்காவின் டாலஸ் நகரில், மாதவிடாய் நின்ற, எடை மிகுந்த, உடலுழைப்பு இல்லாத 464 பெண்களை ஆறு மாதம் கவனித்து 2007இல் வெளியிட்ட ஆய்வில், வாரத்துக்குச் சுமார் 72 நிமிடம் மட்டும் மிதமாகப் பயிற்சி செய்த பிரிவினருக்கும் இதய, நுரையீரல் திறன் உயர்ந்தது. பயிற்சி செய்த எல்லாப் பிரிவினருக்கும் இடுப்புச் சுற்றளவு குறைந்தது. எடையிலோ, பயிற்சி செய்யாதவர்களுக்கும் இவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ரத்த அழுத்தமும் அந்த ஆய்வில் குறிப்பிடும்படி இறங்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்; எல்லா எண்களும் ஒரே வேகத்தில் மாறுவதில்லை.

நம் ஊர் ஆய்வு இன்னும் நெருக்கமானது. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006இல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்ட ஆய்வில், நீரிழிவின் விளிம்பில் இருந்த 531 பேர் சேர்க்கப்பட்டார்கள். உணவையும் அன்றாட நடையையும் சீர்செய்தவர்களிடம், மூன்று ஆண்டுகளில் நீரிழிவு வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் என்ற நீரிழிவு மாத்திரையை மட்டும் எடுத்தவர்களிடம் 26.4 சதவீதம் குறைந்தது. இந்தப் பலன் கிடைத்தவர்களின் எடை ஏறக்குறைய அப்படியே இருந்தது. சேர்ந்தவர்களில் பெண்கள் 110 பேர்தான் என்பது ஒரு குறை. ஆனாலும், எடை குறைந்தால்தான் சர்க்கரை கட்டுப்படும் என்று சொல்பவர்களுக்கு இது போதுமான பதில்.

இரண்டாம் படி: யார் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும்

மெதுவாக நடக்கத் தொடங்குவதற்குப் பெரும்பாலோருக்கு அனுமதிச் சீட்டு எதுவும் தேவையில்லை. நடக்கும்போது நெஞ்சில் அழுத்தமோ வலியோ வருபவர்கள், காரணமில்லாமல் மயக்கம் வருபவர்கள், ஏற்கெனவே இதய நோய் உள்ளவர்கள், ரத்த அழுத்தம் 180/110ஐத் தொடுபவர்கள், காலில் ஆறாத புண் உள்ளவர்கள், கருவுற்றிருப்பவர்கள் ஆகியோர் மட்டும் முதலில் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும்.

இன்சுலின் ஊசி போடுபவர்களும், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற நீரிழிவு மாத்திரைகளை எடுப்பவர்களும் கூடுதல் கவனத்துடன் இருக்க வேண்டும். நடையின்போது சர்க்கரை அளவு தாழ்ந்து கைநடுக்கம், வியர்வை, படபடப்பு வரலாம். இடுப்பு முடிச்சிலோ கைப்பையிலோ குளுக்கோஸ் பொட்டலம் அல்லது நாலு சர்க்கரை மிட்டாய் எப்போதும் இருக்கட்டும். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு இந்த அச்சம் பெரும்பாலும் தேவையில்லை. நீரிழிவால் பாதம் மரத்துப்போனவர்கள் வெறுங்காலில் நடக்கவே கூடாது. கோயில் பிரகாரமானாலும் கடற்கரை மணலானாலும் இது பொருந்தும்.

மூன்றாம் படி: இடமும் நேரமும்

பூங்காவில் நடங்கள் என்று சொல்வது எளிது. வடசென்னையில் எல்லோருக்கும் பக்கத்தில் பூங்கா இல்லை. ராயபுரத்தில் அறிஞர் அண்ணா பூங்கா இருக்கிறது, 1949இல் தி.மு.க.வின் தொடக்கக் கூட்டம் நடந்த ராபின்சன் பூங்கா என்றால் பெரியவர்களுக்கு உடனே தெரியும். பெரம்பூர்க்காரர்களுக்கு மேம்பாலத்தை ஒட்டி முரசொலி மாறன் பூங்கா. மற்றவர்கள் மாநகராட்சி விளையாட்டுத் திடலையோ, வண்டி குறைவாக வரும் உள்தெருவையோ, குடியிருப்பின் மொட்டை மாடியையோ தேர்ந்தெடுக்கலாம். மாடியில் சுற்றிச் சுற்றி நடப்பது அலுப்புத் தரும்; ஆனால் நாய்த்தொல்லையும் இல்லை, வேடிக்கை பார்ப்பவர்களும் இல்லை. இரவு உணவுக்குப் பிறகு நடக்க ஹவுசிங் போர்டு குடியிருப்புகளின் நீண்ட தாழ்வாரமே போதும்.

எண்ணூர் விரைவுச் சாலையைப் போலக் கண்டெய்னர் லாரிகள் ஓடும் சாலைகளின் ஓரத்தில் நடக்க வேண்டாம். விபத்து அபாயம் ஒருபுறம், புகை மறுபுறம். மணலி, எண்ணூர், கொடுங்கையூர்ப் பக்கம் காற்றில் நெடியோ புகையோ தெரியும் நாட்களில் வீட்டுக்குள்ளேயே நடந்துகொள்ளுங்கள். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இது கட்டாயம். கத்திரி வெயில் காலத்தில் காலை ஏழு மணிக்குள் முடித்துவிட வேண்டும், அல்லது பொழுது சாய்ந்தபின் நடக்க வேண்டும். பருமனான உடல் சூட்டை வெளியேற்றச் சிரமப்படும் என்பதால் இதில் துணிச்சல் காட்ட வேண்டாம். ரமலான் நோன்பு இருப்பவர்கள் நோன்பு திறந்து ஒரு மணி நேரம் கழித்து நடக்கலாம்.

வேலைக்குப் போய்வரும் பெண்களுக்கு மெட்ரோ ஒரு வசதியைத் தருகிறது. 2021இல் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை நீண்ட தடத்தில், பல நிலையங்களுக்கு இடையே ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர்தான் தூரம். காலடிப்பேட்டையில் வீடு இருப்பவர் சுங்கச்சாவடியிலேயே இறங்கி நடந்தால், தனியாக நேரம் ஒதுக்காமலேயே அன்றைய கணக்கில் பாதி முடிந்துவிடும்.

உடை பற்றி ஒரு வார்த்தை. சுடிதாரும் குதிகாலைப் பிடித்துக்கொள்ளும் வார்ச் செருப்பும் இருந்தாலே தொடங்கிவிடலாம்; ஷூ வாங்கிய பிறகுதான் என்று தள்ளிப்போட வேண்டாம். தேய்ந்துபோன ரப்பர் செருப்பு மட்டும் ஆகாது, அது முட்டிவலியைக் கூட்டும். உள்தொடை உரசிப் புண்ணாவது பருமனான பெண்கள் பலர் வெளியே சொல்லாத தொல்லை. முழங்கால் வரையிலான பருத்தி உள்ளாடையும் கொஞ்சம் தேங்காய் எண்ணெயும் அதைத் தவிர்க்கும்.

நான்காம் படி: எவ்வளவு வேகம், எத்தனை நிமிடம்

மிதமான வேகம் என்றால் என்ன என்பதற்குக் கருவி எதுவும் வேண்டாம். பக்கத்தில் வரும் தோழியோடு பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. பாட முடிந்தால் வேகம் போதாது. இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். எடை கூடியவர் மெதுவாக நடந்தாலே அவருடைய இதயத்துக்கு அது மிதமான உழைப்பாகிவிடும். ஆகவே ஒல்லியான அண்ணியின் வேகத்தோடு போட்டி போடத் தேவையில்லை.

முதல் இரண்டு வாரம் காலையில் பத்து நிமிடமும் இரவு உணவுக்குப் பிறகு பத்து நிமிடமுமாக, வாரத்தில் ஐந்து நாள் நடங்கள். மூன்றாம், நான்காம் வாரங்களில் ஒவ்வொரு வேளையும் பன்னிரண்டு நிமிடமாகட்டும். இப்படியே இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சிறிது கூட்டி, எட்டு வாரத்தில் நாளொன்றுக்கு முப்பது நிமிடத்தை எட்டினால் வாரத்துக்கு 150 நிமிடம் ஆகிவிடும். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட பரிந்துரையில், பெரியவர்களுக்கான குறைந்தபட்ச அளவு இதுதான்; 300 நிமிடம் வரை கூட்டலாம் என்றும் அது சொல்கிறது. ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது நடந்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையையும் அந்தப் பரிந்துரை நீக்கிவிட்டது. ஐந்து ஐந்து நிமிடமாகச் சேர்த்தாலும் அது கணக்கில் வரும்.

இரவு உணவுக்குப் பிந்தைய நடையை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. சாப்பிட்ட ஒரு மணி நேரத்தை ஒட்டி ரத்தச் சர்க்கரை உச்சத்துக்குப் போகிறது. அந்த நேரத்தில் கால் தசைகள் வேலை செய்தால் உச்சம் தாழ்கிறது. நம்மில் பலருக்கு இரவுச் சாப்பாடே ஒன்பது மணிக்குமேல்தான். முடித்த உடனே சீரியலுக்கு முன் உட்காராமல், விளம்பர இடைவேளைகளில் வீட்டுக்குள் நடந்தாலும் பலன் கிடைக்கும்.

"நாள் முழுக்க வீட்டு வேலை செய்கிறேனே, அது போதாதா?" என்ற கேள்வி நியாயமானது. சமைப்பதும் பாத்திரம் கழுவுவதும் பெரும்பாலும் இலேசான உழைப்பு. உட்கார்ந்திருப்பதைவிட நல்லது, ஆனால் மூச்சைக் கூட்டாது. கூடை சுமந்து தெருத்தெருவாக மீன் விற்கும் காசிமேட்டுப் பெண்ணின் நடை உண்மையாகவே கணக்கில் வரும். அவருக்குத் தேவைப்படுவது கூடுதல் நடையைவிட, முதுகுக்கும் முட்டிக்கும் வலு தரும் பயிற்சியாகத்தான் இருக்கும்.

ஐந்தாம் படி: தசைக்கு வலு

வாரத்தில் இரண்டு நாள், பதினைந்து நிமிடம் ஒதுக்குங்கள். சர்க்கரையைக் கொள்ளும் பெரிய கொள்கலம் தசைதான்; நாற்பது வயதுக்குமேல் அது மெல்லக் கரையத் தொடங்குகிறது. அசையாத நாற்காலியைச் சுவரை ஒட்டிப் போட்டு, கையை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது. சுவரில் இரு உள்ளங்கைகளையும் வைத்து முழங்கையை மடக்கி நீட்டுவது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது. ஒரு லிட்டர் தண்ணீர்ப் பாட்டிலைக் கையில் பிடித்துத் தோளுக்குமேல் தூக்குவது. ஒவ்வொன்றும் எட்டு முதல் பன்னிரண்டு தடவை, இரண்டு சுற்று. மூச்சை அடக்கக் கூடாது. தூக்கும்போது மூச்சை வெளியே விட வேண்டும். முட்டிவலி உள்ளவர்கள் நாற்காலியின் மேல் தலையணையைப் போட்டு உயரத்தைக் கூட்டிக்கொள்ளலாம். தொடைத் தசை வலுப்பெறப் பெற முட்டியின் பாரம் குறையும்.

இருமும்போதோ வேகமாக நடக்கும்போதோ சிறுநீர் கசிவதால் பலர் நடையையே நிறுத்திவிடுகிறார்கள். இது வெட்கப்படுவதற்கான விஷயமல்ல. சிறுநீரை அடக்குவதுபோல இடுப்படித் தசைகளை ஐந்து விநாடி இறுக்கிப் பின் தளர்த்துவதை, பத்துப் பத்தாக நாளுக்கு மூன்று வேளை செய்தால், இரண்டு மூன்று மாதங்களில் பெரும்பாலோருக்குக் குறையும். குறையாவிட்டால் ஸ்டான்லி போன்ற அரசு மருத்துவமனையின் மகளிர் பிரிவில் காட்டலாம். மாதவிடாய் நாட்களில் நடப்பதற்குத் தடை ஏதுமில்லை. வலி இருந்தால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: பலனை எப்போது, எதில் தேடுவது

முதல் மாதத்தில் தெரிவது உறக்கமும் மூச்சும். இரண்டாம் மாடிக்குத் தண்ணீர்க் குடத்தோடு ஏறும்போது நடுவில் நிற்காமல் போக முடிகிறதா என்று பாருங்கள். நான்கு வாரத்துக்கு ஒருமுறை இடுப்பை அளந்து நோட்டில் எழுதுங்கள். மூன்று மாதம் முடிந்ததும் வெறும் வயிற்றுச் சர்க்கரை, டிரைகிளிசரைடு, நீரிழிவு உள்ளவர்களானால் எச்.பி.ஏ.1சி ஆகியவற்றைப் பரிசோதியுங்கள். கடைசியாகச் சொன்னது ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டுவதால், அதற்கு முன் எடுத்துப் பயனில்லை. முறையான உடற்பயிற்சியால் இது சராசரியாக 0.6 முதல் 0.7 சதவீதப் புள்ளி வரை குறைவதாக ஆய்வுகளின் தொகுப்புகள் காட்டுகின்றன. மாத்திரை ஒன்றின் பலனுக்கு இது பக்கத்தில் வரும்.

எடையையும் குறைக்க விரும்புவது சரியே. குறைந்தால் பலன் கூடும். ஆனால் அதற்குத் தட்டைத்தான் முதலில் மாற்ற வேண்டும். முப்பது நிமிட நடையில் செலவாகும் சக்தியை, திரும்பும் வழியில் தின்னும் ஒரு வடையும் சர்க்கரை போட்ட டீயும் ஈடுகட்டிவிடும். நடந்துவிட்டோம் என்ற தைரியத்தில் கூடுதலாகத் தின்பது எல்லோருக்கும் நேர்வது. சோற்றைக் கரண்டிக் கணக்கில் குறைத்து, காயையும் சுண்டலையும் குழம்பு மீனையும் கூட்டிக்கொள்வது நல்ல தொடக்கம்.

மழை, உறவினர் வீட்டுக் கல்யாணம், பிள்ளைகளின் தேர்வு என்று இடைவெளி விழத்தான் செய்யும். ஒரு வாரம் விட்டுப்போனால் விட்ட அளவிலிருந்தே தொடரலாம்; ஒரு மாதத்துக்குமேல் போய்விட்டால் பாதி நிமிடங்களிலிருந்து மீண்டும் கூட்டிக்கொண்டு வாருங்கள். தெருவில் தண்ணீர் நிற்கும் நாட்களில் நாற்காலிப் பயிற்சியும் வீட்டுக்குள் நின்ற இடத்தில் நடப்பதும் இருந்தால், இரண்டு நாள் எல்லையைத் தாண்டாமல் இருக்கலாம்.

சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இறங்கத் தொடங்கியதும், மாத்திரையை நீங்களாகவே பாதியாக உடைத்துப் போடவோ நிறுத்தவோ வேண்டாம். தேதியோடு எழுதிய நோட்டை எடுத்துக்கொண்டு சுகாதார நிலையத்துக்குப் போய், "மூன்று மாதமாக இவ்வளவு நடக்கிறேன், மாத்திரை அளவைக் குறைக்கலாமா?" என்று நேரடியாகக் கேளுங்கள். முடிவெடுக்கத் தேவையான விவரம் அந்த நோட்டிலேயே மருத்துவருக்குக் கிடைத்துவிடும்.